அம்மாவின் பழைய சேலை

(ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் ஊசிநூலும் என்ற தலைப்பில் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



காஜாங்கிலிருந்து சிரம்பானுக்குப் போகும் பழைய சாலையில் செமினி இருக்கிறது. ஒரு காலத்தில் சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள். இன்று தாமான்கள், கடைவரிசைகள், 2005ஆம் ஆண்டு முதல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகம், காலையும் மாலையும் நகராத வாகனங்கள். தோட்டம் போய்விட்டது, பள்ளிகளின் பெயரில் மட்டும் அது இன்னும் இருக்கிறது. ரிஞ்சிங் தோட்டத் தமிழ்ப்பள்ளி, செமினி தோட்டத் தமிழ்ப்பள்ளி என்றுதான் இன்றும் சொல்கிறோம்.

இப்படிப்பட்ட பள்ளிகளில் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வுபெற்ற ஆசிரியைகள் எத்தனையோ பேர். முன்பு அரசு ஊழியருக்கு 55 வயதில் ஓய்வு. 2001இல் அது 56 ஆனது, 2008இல் 58, 2012இல் 60. எந்த வயதானால் என்ன? விழா எடுப்பார்கள். மாலை போடுவார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு வழக்கம்போல விழிப்பு வரும்; போக வேண்டிய இடம் இருக்காது. கரும்பலகையில் எழுதிய கை, நோட்டுப் புத்தகம் திருத்திய கை, ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளின் உடையில் சரிகைத்தாள் ஒட்டிய கை, சும்மா மடியில் கிடக்கும். பொன்னாடைகளோ அலமாரியில் அடுக்கடுக்காக இருக்கும். கட்டவும் முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. அதற்கும் ஒரு வழி இருக்கிறது, பிறகு பார்ப்போம்.

ஆங்கிலத்தில் குவில்ட் என்று ஒரு போர்வை உண்டு. துண்டு துணிகளை இணைத்து மேல்பக்கம் செய்து, அடியில் ஒரு துணி வைத்து, நடுவில் பஞ்சோ பழந்துணியோ நிரப்பி, மூன்றையும் சேர்த்துத் தைப்பது. ஒட்டுத்துணிப் போர்வை என்று தமிழில் சொல்லலாம். பிள்ளைப் பருவத்தில் ஊசி பிடித்து, ஆசிரியையாகி, ஓய்வுபெற்ற பிறகும் அதை விடாமல் செய்தவர்கள் உலகத்தில் பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலரைப் பற்றியதே இந்த உரை.

ஆனால் நம் ஆட்களிடம் ஒட்டுத்துணி என்று சொன்னவுடன் முகம் சுளிக்கிறார்களே, அதை முதலில் பேசிவிட வேண்டும்.

தோட்டத்தில் ஒரு சேலை எத்தனை பிறவி எடுத்தது என்று வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தீபாவளிக்கு வாங்கியது முதலில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும். நிறம் மங்கினால் வீட்டுக்கு. இன்னும் நைந்தால் பால் வெட்டப் போகும்போது மேலே சுற்றிக்கொள்ள. ரப்பர் பால் கறை ஏறினால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது, துணி அட்டை போல விறைத்துவிடும். கறை படாமல் தப்பிய சேலை பிள்ளைக்குத் தொட்டிலானது. பிள்ளை வளர்ந்ததும் இரண்டு சேலையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு நாலாபுறமும் தைத்து, நடுவிலும் நாலு ஓட்டம் ஓட்டினால் போர்வை. விடியற்காலைப் பெரட்டுக்கு அம்மா போய்விட்ட பிறகு ஆயாக்கொட்டகையில் பிள்ளையைப் போர்த்தியது அந்தப் போர்வைதான். அதுவும் கிழிந்தால் அடுப்பங்கரைப் பிடிதுணி, கால்மிதி, கடைசியில் விளக்குத் திரி. எதுவும் வீணாகவில்லை. கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று வாய்கிழியச் சொல்பவர்கள்தானே நாம்.

ஆனால் ஒட்டுப் போட்ட துணி என்றால் ஏழ்மை. ஏழ்மை என்றால் வெட்கம். தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமானுக்கு வந்த குடும்பங்கள் பலவும் முதலில் தூக்கி எறிந்தது அந்தப் போர்வையைத்தான். யாரையும் குறை சொல்வதற்கில்லை. கஷ்டப்பட்டு மேலே வந்தவர்களுக்குக் கஷ்டத்தின் அடையாளம் கண்ணில் படக் கூடாது என்று தோன்றுவது இயற்கை.

இப்போது வங்காளத்துக்குப் போவோம். அங்கே இதே போர்வைக்குக் காந்தா என்று பெயர். நம் "கந்தை"யும் அவர்கள் "காந்தா"வும் ஒரே வடமொழிச் சொல்லின் பிள்ளைகள். பழைய நூல் சேலையும் வேட்டியும் மூன்று நான்கு அடுக்காக விரித்து, சுருக்கம் இல்லாமல் இழுத்து, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போவார்கள். வண்ண நூல் கடையில் வாங்கியதில்லை. பழைய சேலையின் கரையிலிருந்து உருவியது. நடுவில் ஒரு தாமரை, நான்கு மூலையில் நான்கு மரம், இடையில் யானை, மீன், பல்லக்கு, ரயில் வண்டி என்று கண்டதெல்லாம் வரும். நெருக்கமான ஓட்டத்தால் துணி லேசாகச் சுருங்கித் தண்ணீரில் காற்றடித்ததுபோல அலையலையாக நிற்கும். நடுவில் பஞ்சு கிடையாது. ஆகவே நம் ஊர் வெயிலுக்கும் அது ஒத்துவரும்.

ஏட்டில் எழுதத் தெரியாத பெண்கள் துணியில் எழுதினார்கள் என்று சும்மா சொல்வதில்லை. கொல்கத்தா அருகே ஜோக்காவில் குருசதய தத்தர் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டிய நாட்டுப்புறக் கலைப்பொருள்களுக்கான அருங்காட்சியகம் உண்டு. அங்குள்ள காந்தாக்களில் புகழ்பெற்ற ஒன்றை 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி தாசி என்ற பெண் தைத்தார். தன் தந்தைக்காகத் தைத்தேன் என்று தன் பெயரோடு துணியிலேயே எழுத்துகளைத் தைத்து வைத்திருக்கிறார். அந்தக் காலத்து வங்காளப் பெண்களில் எத்தனை பேருடைய பெயர் இன்று நமக்குத் தெரியும்? இவருடைய பெயர் தெரிகிறது. ஒரு போர்வையின் ஓரத்தில் ஊசியால் எழுதியதால் தெரிகிறது.

1929இல் கவிஞர் ஜசீமுத்தீன் "நக்ஷி காந்தார் மாட்" என்ற நெடுங்கவிதையை எழுதினார். பிரிந்துபோன கணவனை நினைத்து மனைவி தங்கள் வாழ்க்கை முழுவதையும் ஒரு காந்தாவில் தைக்கிறாள்; தன்னைப் புதைத்த இடத்தின்மேல் அதை விரிக்கச் சொல்லிவிட்டுச் சாகிறாள். வங்காளத்தில் அந்தக் கதையை அறியாதவர்கள் குறைவு. நம்மிடம் தாலாட்டு இருந்தது, ஒப்பாரி இருந்தது. துணியில் எழுதும் பழக்கம் ஏனோ வளரவில்லை. துணியின்மேல் துணியை வெட்டி வைத்துத் தைக்கும் கைவேலை நம்மிடம் இருக்கத்தான் செய்கிறது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் தேருக்குக் கட்டும் சீலையும் தொம்பையும் அப்படிச் செய்தவைதான். திருவிழாவில் அண்ணாந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அதே வேலை வீட்டுக்குள் போர்வையாகக் கிடந்தால் கந்தல் என்கிறோம்.

காந்தாவுக்கும் அந்த நிலைமை வந்தது. ஆலைத்துணி மலிந்ததும் வங்காளத்திலும் அது மூலைக்குப் போனது. அதை மீண்டும் வெளியே கொண்டுவந்தவர்களில் ஷம்லு துடேஜா என்ற பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர் தையல் ஆசிரியை இல்லை, கணித ஆசிரியை. கணிதப் பாடநூல்கள் எழுதியவர். வங்காளியும் இல்லை, கராச்சியில் பிறந்து, பிரிவினைக்குப் பிறகு இந்தியாவுக்கு வந்த குடும்பம். சிந்து நாட்டில் ரல்லி என்று ஒட்டுத்துணிப் போர்வை உண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1980களில் காந்தாவின்மேல் அவருக்கு ஈடுபாடு வந்தது. கிராமத்துப் பெண்களைத் தேடிப்போய்ச் சேலையிலும் சால்வையிலும் காந்தாத் தையல் போடச் சொன்னார். அது நகரத்திலும் வெளிநாட்டிலும் விலைபோனது. சுய உதவிக்கென்று ஓர் அமைப்பை உண்டாக்கி, தைக்கும் பெண்ணின் கைக்கே கூலி போய்ச்சேரும்படி செய்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணிதம் சொல்லிக்கொடுத்தவருக்கு இந்தத் தையல் பிடித்துப்போனதில் வியப்பே இல்லை. ஒட்டுத்துணிப் போர்வை முழுக்க முழுக்கக் கணக்கு. சதுரம், முக்கோணம், அறுகோணம். ஒரு சதுரத்தைக் குறுக்கே வெட்டித் தைக்கும்போது தையலுக்கு உள்ளே மடியும் கால் அங்குலத்தைக் கணக்கில் விட்டால் கடைசி வரிசையில் நான்கு விரல் குறையும். பின்னம் புரியாத பிள்ளைக்கு ஒரு கைக்குட்டையை மடித்துக் காட்டிய ஆசிரியை நம் பள்ளிகளிலும் இருந்திருப்பார். வாழ்வியல் பாடத்தில் பொத்தான் தைக்கவும் ஓரம் அடிக்கவும் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு மீதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தைத்தே வாழ்ந்தவர்களுக்கு மரியாதை வந்ததையும் சொல்லிவிடலாம். காந்தாக் கலைஞர் பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023இலும் தக்தீரா பேகத்துக்கு 2024இலும் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது. ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். ஊசிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அடுத்தவர் கடல் கடந்தவர். அவரும் ஆசிரியை. ஃபெய்த் ரிங்கோல்ட், 1930இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்த கறுப்பினப் பெண். சிறுவயதில் ஆஸ்துமா. பள்ளிக்குப் போக முடியாத நாள்களில் வீட்டில் இருப்பார். அம்மா வில்லி போசி தையற்கலைஞர். அம்மாவின் மேசைக்கடியில் விழுந்த துண்டுத் துணிகளும் வண்ணக் குச்சிகளும்தான் பிள்ளைக்கு விளையாட்டு.

ஓவியம் படிக்க ஆசைப்பட்டுக் கல்லூரிக்குப் போனார். அந்தப் பிரிவில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள். ஓவிய ஆசிரியைப் பயிற்சி என்றால் சேர்த்துக்கொள்வார்களாம். சரி என்று ஆசிரியையானார். 1955 முதல் 1973 வரை நியூயார்க் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார். பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்து, தன் இரண்டு பெண்களையும் கவனித்துவிட்டு, பிறகு வரைந்தார். நம் ஆசிரியைகள் பலருக்கு இந்த அட்டவணை நன்றாகப் பழக்கம்.

1972இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் திபெத்தியத் தங்கா ஓவியங்களைப் பார்த்தார். மரச்சட்டம் இல்லை, பட்டுத்துணியே சட்டம். அன்றிலிருந்து துணிக்கரை வைத்து வரையத் தொடங்கினார். அதில் ஒரு வசதியும் இருந்தது. பெரிய சட்டம் போட்ட ஓவியத்தைத் தூக்க ஆள் வேண்டும், வண்டி வேண்டும். துணி ஓவியத்தைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு அவரே போய்விடலாம். 1980இல் அம்மாவும் மகளும் சேர்ந்து முதல் ஒட்டுத்துணிப் போர்வையைத் தைத்தார்கள். ஹார்லெம் மனிதர்களின் முப்பது முகங்கள் அதில் இருந்தன. மறு ஆண்டே அம்மா இறந்துபோனார். தாயும் மகளும் சேர்ந்து போட்ட தையல் அதோடு முடிந்தது.

அப்போது ரிங்கோல்ட் தன் வரலாற்றை எழுதி வைத்திருந்தார். பதிப்பிக்க ஆள் கிடைக்கவில்லை. பதிப்பகத்தாரின் வாசலில் நிற்பதைவிடத் துணியிலேயே எழுதிவிடலாம் என்று முடிவெடுத்தார். 1983 முதல் கதை எழுதிய போர்வைகள் பிறந்தன. நடுவில் படம், சுற்றிலும் கையெழுத்தில் கதை, ஓரத்தில் ஒட்டுத்துணி. போர்வையை மாட்டினால் கதையும் சேர்ந்தே வெளியாகிவிடும், அதை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. 1988இல் செய்த "தார் பீச்" என்ற போர்வை இன்று நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோடை இரவில் மொட்டைமாடியில் பொழுதைக் கழிக்கும் ஏழைக் குடும்பம். அவர்களின் சிறுமி எழுந்து பாலத்தின்மேல் பறக்கிறாள். 1991இல் அது குழந்தைகளுக்கான நூலாகவும் வந்து பரிசுகள் பெற்றது. பின்னாளில் கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்து 2002இல் ஓய்வு பெற்றார். 2024 ஏப்ரலில் தம் 93ஆம் வயதில் மறைந்தார்.

இவருடைய கதையில் நமக்கு நெருக்கமான ஓர் இடம் உண்டு. அவருடைய பாட்டியின் பாட்டி சூசி ஷானன், தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தவர். தோட்ட முதலாளி வீட்டுக்குப் போர்வை தைத்தவர். அங்கே பருத்தித் தோட்டம், இங்கே ரப்பர்த் தோட்டம். அவர்கள் அடிமைகள், நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகள். இரண்டும் ஒன்றென்று சொல்லிவிட முடியாது. ஆனால் தோட்டத்துப் பாட்டியின் ஊசி ஐந்தாம் தலைமுறைப் பேத்தி கைக்கு வந்து அருங்காட்சியகம் வரை போயிருக்கிறது. அந்தப் பேத்தி அதைப் பார்த்து வெட்கப்படவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் பக்கத்திலேயே, சிங்கப்பூர் சாங்கி சிறையில், 1942இல் தைத்த போர்வைகள் உலகம் அறிந்தவை.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மார்ச் மாதத்தில் ஐரோப்பியக் குடிமக்களைச் சாங்கி சிறைக்கு நடத்திச் சென்றார்கள். பெண்களும் பிள்ளைகளுமாகச் சுமார் 400 பேர். ஆண்கள் சுவருக்கு அந்தப் பக்கம். கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது, மனைவி இருக்கிறாளா என்று கணவனுக்குத் தெரியாது. சேதி அனுப்பத் தடை.

சிறைக்குள் எலிசபெத் என்னிஸ் என்ற தாதி, எட்டு வயது முதல் பதினாறு வயது வரையிலான சிறுமிகளைக் கூட்டிச் சாரணியர் குழு நடத்தினார். அவருடைய பிறந்தநாளுக்குப் பரிசு கொடுக்க அந்தப் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். கையில் என்ன இருக்கிறது? கிழிந்த உடை. அதை அறுகோணமாக வெட்டி, பூப்பூவாக இணைத்து, நடு இதழில் தங்கள் பெயரைத் தைத்தார்கள். நூலுக்காகப் பழந்துணியைப் பிரித்தார்கள். அவருக்குத் தெரியாமல் ஒளித்து ஒளித்துத் தைத்த அந்தப் போர்வை இன்று லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதைப் பார்த்துத்தான் எத்தல் மல்வேனிக்கு யோசனை வந்தது. கனடாக்காரர், இளம் வயதில் பள்ளி ஆசிரியை, சிங்கப்பூரில் செஞ்சிலுவைப் பணியில் இருந்தவர். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் ஆறங்குலச் சதுரத் துணியைக் கொடுத்தார். அதில் உன்னைப் பற்றி ஏதாவது தைத்து, உன் பெயரையும் போடு என்றார். காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனைக்குப் போர்வை என்று சொல்லி அனுமதி வாங்கினார்கள். அனுமதி கிடைக்க ஜப்பானியக் காயக்காரர்களுக்கும் ஒரு போர்வை செய்ய ஒப்புக்கொண்டார்கள். பிரிட்டிஷ் வீரருக்கு ஒன்று, ஆஸ்திரேலியருக்கு ஒன்று, ஜப்பானியருக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் 66 சதுரம்.

பார்த்த காவலர்களுக்கு அவை பூவும் பறவையும். மருத்துவமனையில் படுத்திருந்த ஆண்களுக்கு அவை பெயர்ப் பட்டியல். என் மனைவியின் கையெழுத்து இதோ, அவள் இருக்கிறாள். இந்த ஒரு சேதிக்காகத்தான் அவ்வளவு தையலும். ஒரு பெண் தன் சிறை அறையைத் தைத்தாள். தைப்பிங்கில் பிறந்து, அப்பாவோடு சிறைப்பட்ட பதினேழு வயது ஷீலா ஆலன், தான் அதுவரை கண்ணால் காணாத அப்பாவின் நாட்டை, ஆஸ்திரேலியாவின் வரைபடத்தைத் தைத்தார். அப்பா சிறைவாசத்தின்போதே இறந்தார். மகள் சிறையில் எழுதிய நாட்குறிப்பு பின்னாளில் நூலாக வந்தது.

எத்தல் மல்வேனியும் சும்மா இருக்கவில்லை. பசியில் கிடந்த பெண்களைச் சுற்றி உட்காரவைத்து, உங்கள் வீட்டில் செய்யும் பலகாரத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டு எழுதிவைத்தார். 1946இல் அதைச் சமையல் நூலாக அச்சிட்டு விற்று, அந்தப் பணத்தில் இங்கிலாந்து மருத்துவமனைகளில் இருந்த முன்னாள் கைதிகளுக்குப் பழமும் தேயிலையும் அனுப்பினார். ஆசிரியை என்றால் கூட்டத்தைப் பார்த்தால் உடனே ஒரு வேலை கொடுத்துவிடுவார் போலும்!

இவ்வளவையும் பாராட்டிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்கு ஆள் பிடித்தார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டனர் என்றும், பெரும்பாலோர் தமிழர்கள் என்றும், அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டனர் என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். சரியான கணக்கு யாரிடமும் இல்லை. வெள்ளைக்காரக் கைதிக்குக் கல்லறையும் பெயர்ப்பலகையும் இருக்கிறது. தமிழனுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை.

லயத்தில் தனியாக நின்ற பெண்களோ சப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று, துணி கிடைக்காமல் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டார்கள். சாங்கியில் இருந்தவர்களுக்கு ஆறங்குலத் துணியாவது கிடைத்தது, பெயர் தைக்கத் தெரிந்தது. தோட்டத்துப் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. அந்தச் சதுரங்களில் தைத்த பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. சயாமுக்குப் போன புருஷனுக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் அவளுடைய பேரப்பிள்ளைகளைத் தவிர வேறு யாரால் சொல்ல முடியும்? அந்தப் பேரப்பிள்ளைகளில் பலர்தான் படித்து, ஆசிரியையாகி, இன்று ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயரும் தெரியும், ஊசியும் பிடிக்கத் தெரியும்.

மற்ற இனத்தாரிடம் கேட்டால் இது புதுமையாக இருக்காது. மலாய்க்காரர்களிடம் தம்பால் செரிபு என்ற ஒட்டுத்தையல் உண்டு. பெயருக்கு ஆயிரம் ஒட்டு என்று பொருள். கல்யாண வீட்டுத் தலையணை ஓரத்திலும் திரையிலும் அதை வைப்பார்கள். ஒட்டு அவர்களுக்குக் கல்யாண அலங்காரம். சீனர்களிடம் நூறு குடும்பப் போர்வை உண்டு. பிள்ளை பிறந்தால் நூறு வீட்டில் துண்டுத்துணி கேட்டு வாங்கித் தைத்துப் போர்த்துவார்கள். நூறு வீட்டின் ஆசியும் பிள்ளைக்குச் சேருமாம். கர்நாடகத்துக் காட்டோரம் வாழும் சித்திகள், ஆப்பிரிக்க வம்சாவளியினர், தைக்கும் போர்வையின் நான்கு மூலையிலும் பூப்போல மடித்த ஒட்டு கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்கள். நாம் ஒருவர்தான் ஒட்டைப் பார்த்து ஓடுகிறோம்.

சரி, செய்வது எப்படி? கேட்பவர்களுக்காகச் சில வார்த்தை.

அம்மா இறந்தபின் அவருடைய சேலைகளைத் தங்கைகளும் மகள்களும் பிரித்துக்கொள்வார்கள். மீதி மூட்டையாகக் கட்டிக் கிடக்கும். கட்டிக்கொள்ள மனம் வராது, எறியவும் மனம் வராது. முதலில் நூல் சேலைகளை எடுங்கள். ஊசி இறங்கும், தையல் நிற்கும். 1970களில் பலரும் கட்டிய நைலெக்ஸ் சேலை வழுக்கும். அதற்கு அடியில் மெல்லிய நூல் துணி வைத்துச் சேர்த்துத் தைத்தபின் வெட்ட வேண்டும். பட்டு, மடிப்பு விழுந்த இடத்தில்தான் முதலில் வெடிக்கும், ஆகவே மடிப்பை விட்டுவிட்டு நடுப்பகுதியை எடுங்கள். சரிகைக் கரை ஓரத்துக்கு நல்லது. பேத்தியின் பள்ளிச் சீருடை, அப்பாவின் கைலி, தாத்தாவின் வேட்டி எல்லாம் வரலாம். புதுத்துணி சேர்த்தால் முதலில் துவைத்துச் சுருங்கவிட்டு வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே பழசும் புதுசும் சண்டை போடும்.

பொன்னாடைக்கு வழி சொல்வதாகச் சொன்னோமே. அவை பெரும்பாலும் மினுக்கும் செயற்கை நூல். உடம்பில் பட்டால் குத்தும். போர்வைக்கு ஆகாது. ஆனால் சுவரில் மாட்டும் ஒட்டுத்துணிக்கு அருமையான கரை. எந்தப் பள்ளியில், எந்த ஆண்டில் போர்த்தினார்கள் என்று பக்கத்திலேயே தைத்துவிட்டால், பணி வரலாறு ஒரே பார்வையில் சுவரில் இருக்கும். அலமாரியும் காலியாகும்.

தனியாகத் தைத்தால் அலுப்பு வரும். நான்கு பேர் கூடித் தைத்தால் பேச்சு வரும். சித்தி பெண்களும் வங்காளத்துப் பெண்களும் வெயில் தாழ்ந்தபின் திண்ணையில் கூடித் தைப்பவர்களே. தாமானில் திண்ணை இல்லை. கோயில் மண்டபம் இருக்கிறது, யார் வீட்டுக் கூடமாவது இருக்கிறது. கண் மங்கியவர் துணி வெட்டலாம், கை நடுங்குபவர் வண்ணம் பொறுக்கலாம். நூல் கோத்துக்கொடுக்கப் பேரப்பிள்ளை போதும். நூல் கோக்கும் நேரத்தில், இது யாருடைய சேலை பாட்டி என்று அந்தப் பிள்ளை கேட்கும். பதில் சொல்ல வேண்டியதுதான்.

முடித்தபிறகு போர்வையைத் திருப்பிப் பின்பக்கம் ஒரு வெள்ளைத் துண்டு வையுங்கள். யார் தைத்தது, யாருடைய சேலை, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று நான்கு வரி தைத்துவிடுங்கள். பேனா மை ஐந்து சலவையில் போய்விடும், நூல் போகாது. மானதாசுந்தரி செய்தது அதுதான். சாங்கிப் பெண்களும் அதைச் செய்தார்கள். ஆஸ்திரேலிய வீரர்களுக்குக் கொடுத்த போர்வை இன்று கான்பெராவில் போர் நினைவகத்தில் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில், சாங்கி முகாம் பெண்கள் 1942இல் வழங்கியது என்றும், காயம்பட்டவர்களின் துன்பத்துக்குத் தங்கள் அனுதாபம் என்றும், போர் முடிந்ததும் இதை ஆஸ்திரேலியச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் சேர்த்துவிடும்படியும் எழுதியிருக்கிறார்கள். சவர்க்காரத்துக்கும் வழியில்லாத சிறையில் இருந்துகொண்டு கடைசி வரியாக இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார்கள்: இந்தப் போர்வையைத் தண்ணீரில் போடாமல் உலர்சலவைக்குக் கொடுப்பது நல்லது.